ஓர் ஊசிக்கு ஐந்து தொட்டி

இரவு டியூட்டி முடியப்போகும் நேரம். காய்ச்சல் வார்டில் நோயாளி ஒருவருக்குச் செவிலியர் ஊசி போடுகிறார். அரை நிமிட வேலைதான். அதற்குள் ஐந்து விதக் குப்பை சேர்ந்துவிடுகிறது: உடைத்த ஆம்பூல் (மருந்துக் கண்ணாடிக் குப்பி), ஊசி, சிரிஞ்சு, ரத்தம் பட்ட பஞ்சு, சிரிஞ்சு வந்த காகித உறை. ஐந்தும் ஐந்து இடத்துக்குப் போக வேண்டும்.

எது எங்கே?

இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் நான்கு நிறங்களை வகுத்திருக்கின்றன. பஞ்சும் கட்டுத்துணியும் மஞ்சள் பைக்கு, அவை எரிக்கப்படும். ஊசி நீக்கிய சிரிஞ்சு, டிரிப் டியூப், கையுறை, சிறுநீர்ப் பை ஆகியவை சிவப்புக்கு. கிருமி நீக்கி, துண்டாக்கி, மறுசுழற்சிக்கு அனுப்புவார்கள். ஊசியும் பிளேடும் எளிதில் துளைபடாத வெள்ளை டப்பாவுக்கு. ஆம்பூல் நீலத்துக்கு. காகித உறை சாதாரணக் குப்பை.

மருத்துவமனைக் குப்பையில் சுமார் 85 சதவீதம் வீட்டுக் குப்பை போன்றதுதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மீதியை அதோடு கலந்துவிட்டால் மொத்தமும் ஆபத்துக் கழிவாகிவிடும். அவசரத்தில் டிரிப் டியூப் மஞ்சள் பைக்குப் போனால், அந்த பி.வி.சி. பிளாஸ்டிக் எரியும்போது டையாக்சின் என்ற நச்சு உருவாகலாம்.

மூடியை மாட்டாதீர்கள்

பயன்படுத்திய ஊசிக்குத் திரும்ப மூடி மாட்டுவது பாதுகாப்பு போலத் தோன்றும். ஆனால் விரலில் ஊசி குத்துவது பல நேரம் அப்போதுதான். ஹெபடைடிஸ் பி உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால், தடுப்பூசி போடாதவருக்குத் தொற்றும் வாய்ப்பு 30 சதவீதம் வரை உண்டு. எச்.ஐ.வி.க்கு அது சுமார் 0.3 சதவீதம். குத்திவிட்டால் விரலைப் பிதுக்கக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது. சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, உடனே மேலதிகாரியிடம் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

மூடி மாட்டுவதற்குப் பதிலாக ஊசியை வெட்டிவிடும் கருவிக்கு இன்னொரு பயனும் உண்டு. வெட்டிய சிரிஞ்சை யாரும் மறுபடி விற்க முடியாது. 2009-இல் குஜராத்தின் மொடாசாவில் பரவிய ஹெபடைடிஸ் பி நாற்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. பயன்படுத்திய சிரிஞ்சுகளையே திரும்பப் பயன்படுத்தியதுதான் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது.

தெரிந்தும் தவறும் கை

விதி சுவரில் ஒட்டியிருக்கிறது. ஆனால் வெள்ளை டப்பா வார்டின் மறுகோடியில் இருந்தால், ஊசி டிரேயிலேயே தங்கிவிடும். பிறகு பஞ்சோடு பஞ்சாக மஞ்சள் பைக்குள் விழும். விடிந்ததும் அந்தப் பையைத் தூக்கும் தூய்மைப் பணியாளரின் தொடையில் அது குத்தும்.

இதைத் தடுக்கப் பெரிய செலவு வேண்டாம். மருந்து டிராலியிலேயே ஊசி வெட்டியும் வெள்ளை டப்பாவும் இருக்க வேண்டும். முக்கால் பங்கு நிறைந்ததுமே டப்பாவை மூடி மாற்ற வேண்டும். ஆண்டுதோறும் பயிற்சியும், ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசிகளும் தருவது நிர்வாகத்தின் கடமை என்று விதியே சொல்கிறது. பயிற்சிக்குச் செவிலியரோடு தூய்மைப் பணியாளரையும் உட்கார வைத்தால், பையில் எது குத்துகிறது என்பதை அவரே சொல்லிவிடுவார்.

நோயாளியோடு உடனிருப்போருக்கும் இதில் பங்குண்டு. இட்லிப் பொட்டலம் சுற்றிய இலையும் சாம்பார் கவரும் சிவப்புத் தொட்டியில் கிடப்பது பல வார்டுகளில் வழக்கமான காட்சி. எச்சில் கவரைக் கையில் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், இதை எதுல போடறது?" என்று கேட்பவரைப் பார்த்தால், டியூட்டி முடிந்து கிளம்பும் செவிலியரும் நின்று கைகாட்டிவிட்டுத்தான் போவார்.