வெயிற்சீமையில் முயல் வளர்ப்பு

முயல் என்றவுடன் புதர்களிடையே தாவியோடும் காட்டுமுயலே நம் நினைவுக்கு வருகிறது. வள்ளுவர் சுட்டும் கானமுயல் அதுதான். அதனை வேட்டையாடுதல் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். இங்கே கூறப்புகுவது ஐரோப்பாவில் வளைதோண்டி வாழ்ந்த இனத்தின் வழிவந்த வீட்டுமுயல். காட்டுமுயற்குட்டி மயிருடன் கண் திறந்தே பிறக்கும். வீட்டுமுயற்குட்டியோ மயிரின்றிக் கண்மூடிப் பிறக்கும். தமிழில் இரண்டிற்கும் பெயர் ஒன்றேயாதலால் மயக்கம் நேருகிறது.

மின்கம்பி எட்டாத தோட்டத்து வீட்டிற்கு இப்பிராணி பெரிதும் ஏற்றது. ஓர் ஆட்டை அறுத்தால் இறைச்சி மிஞ்சும். குளிர்பதனப் பெட்டி இல்லாதவர் அதனை என்செய்வர்? பங்குபோடவும் அண்டைவீடு வேண்டுமே! முயலோ பன்னிரண்டு வாரத்தில் ஏறக்குறைய 2 கிலோ எடையை எட்டி, ஒரு கிலோ அளவில் இறைச்சி தரும். ஒருநாட் சமையலோடு அது தீர்ந்துவிடும். தீவனத்திற்கும் அலைய வேண்டுவதில்லை. அகத்தி, வேலிமசால், கல்யாணமுருங்கை ஆகியவற்றின் தழையைச் சற்றே வாடவைத்து இடலாம். முயல்மசால் என்றே ஒரு தீவனப்பயிர் மானாவாரி நிலத்தில் விளைகிறது.

ஆனால், நேயர்களே, புதுக்கோட்டைச் சீமையில் முயலுக்குப் பகை பசியன்று; வெயில். முயலுக்கு வியர்ப்பதில்லை. நீண்ட காதுகளின் வழியாகவும் விரைந்த மூச்சின் வழியாகவுமே அது உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலுள்ள மத்திய ஆராய்ச்சி மையத்தில் வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா ஆகிய இனங்கள் வளர்க்கப்படுகின்றன. அக்குளிரில் பழகிய முயலைச் சித்திரை மாதத்தில் ஆலங்குடிக்கோ கறம்பக்குடிக்கோ கொண்டுவருதல் அறியாமை. மழைக்காலத்தில் கொணர்ந்து பழக்குவதே முறை.

கொட்டிலுக்குக் கீற்று அல்லது பனையோலைக் கூரையே போதும், தகரம் ஆகாது. மரநிழலில், காற்று ஊடாடும்படி, கம்பிவலைக் கூண்டுகளைத் தரையினின்றும் உயர்த்தி அமைக்க வேண்டும். எச்சம் கீழே விழுந்து எருவாகும். உச்சிவேளையில் ஈரச்சாக்கைப் பக்கங்களில் தொங்கவிடலாம். குடிநீர் மட்கலயத்தில் இருக்கட்டும். மின்விசிறி ஒன்றையே நம்புவது தகாது. 2018 நவம்பரில் கஜா புயல் தாக்கியபோது இம்மாவட்டத்துப் பல ஊர்களில் நாட்கணக்காக மின்சாரம் இல்லை; நிழல்தந்த தென்னைகளும் சாய்ந்தன.

வெப்பம் 30 டிகிரிக்கு மேல் நீடித்தால் ஆண்முயலின் கருவூட்டும் ஆற்றல் குன்றும். அது மீளச் சில வாரங்கள் செல்லும். ஆதலால் பங்குனி முதல் ஆனி வரை இணைசேர்க்காது ஓய்வளித்து, ஆவணியில் தொடங்குவது நன்று. சினைக்காலம் ஏறத்தாழ 31 நாள். ஆண்டிற்கு மூன்று ஈற்று, ஈற்றுக்கு ஐந்து குட்டி பிழைக்கும் என்று அடக்கமாகக் கணக்கிட்டாலும், மூன்று பெண்முயல்கள் நாற்பத்தைந்து குட்டிகளைத் தரும். இதற்கு மேற்பட்ட கணக்கை விற்பனையாளர் சொன்னால் நம்ப வேண்டாம்.

ஈனுவதற்கு முன் தாய் தன் மயிரைப் பிடுங்கிப் பெட்டியில் மெத்தையிடும். நாளுக்கு ஒருமுறை, சில நிமிடமே பால்கொடுத்து அகன்றுவிடும். குட்டிகளைக் கைவிட்டதென எண்ணிப் பெட்டியை அடிக்கடி கிளறுவோர் உண்டு. காலையில் ஒருமுறை வயிறு நிறைந்திருக்கிறதா என்று பார்த்து, இறந்த குட்டி இருப்பின் அகற்றிவிட்டு மூடிவிடுக.