அச்சில் கிடைத்த வழி – 9
ஒரு பைசாவுக்கு வந்த வேதம்

மதுரையில் பெரியபுராணத்தைப் படித்த பதினாறு வயது வெங்கடராமன், 1896இல் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டதோடு சென்ற வாரம் நிறுத்தினோம். அவர்தான் பின்னாளில் ரமண மகரிஷி.

இந்த வாரம் குடியாத்தம் பக்கம் வருகிறோம். பேரணாம்பட்டு தாண்டி, பத்தலப்பல்லி மலைப்பாதை ஏறி, வி.கோட்டா வழியாகப் போனால் கோலார் தங்கவயல். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்கத்தைக் கையில் எடுத்த பிறகு, வட ஆற்காட்டு ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் போனார்கள். பெரும்பாலோர் தாழ்த்தப்பட்டவர்கள். நிலமில்லாதவருக்கு ஊரில் இருந்தவை பண்ணை வேலையும் தோல் ஷாப் வேலையும்தான். சுரங்கத்தில் உயிருக்கு உத்தரவாதமில்லை. ஆனால் மாதம் பிறந்தால் கையில் கூலி விழுந்தது.

கூலி கிடைத்தது. நாம் யார், நம்மைப் படைத்ததாகச் சொல்லப்படும் சாமியின் வாசலில் நமக்கு ஏன் இடமில்லை என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. அந்தப் பதில் ஒரு வாரப் பத்திரிகையில் வந்தது.

அதை எழுதியவர் அயோத்திதாசப் பண்டிதர். 1845இல் பிறந்தவர், இயற்பெயர் காத்தவராயன். ஆசிரியர்மேல் இருந்த பக்தியால் அவர் பெயரையே தம் பெயராக்கிக்கொண்ட சித்த மருத்துவர். பண்டிதரின் பாட்டனார் கந்தப்பன், ஹாரிங்டன் துரையிடம் வேலை பார்த்தவர். வீட்டிலிருந்த திருக்குறள் ஓலைச்சுவடியைத் துரையிடம் கொடுக்க, அது தமிழ் கற்ற ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் துரை கைக்குப் போனது. இதைப் பண்டிதரே பதிவு செய்திருக்கிறார். சுவடியைக் காத்துவைத்த வீட்டின் பேரன், சுவடிகளுக்குள்ளேயே தமக்கு வழி தேடினார் என்பதை இத்தொடர் சும்மா கடந்து போக முடியாது.

1892இல் சென்னை மகாஜன சபை மாநாட்டுக்கு நீலகிரியின் பிரதிநிதியாகப் போனார். தம் மக்களுக்கு விஷ்ணு கோயிலில் நுழைய அனுமதியும் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியும் கேட்டார். உங்களுக்குத்தான் சுடலைமாடன், கருப்பண்ணன் எல்லாம் இருக்கிறார்களே என்று சபையிலேயே சொல்லி மறுத்தார்கள். இளமையில் நீலகிரியில் அத்வைதானந்த சபை நடத்திய மனிதர் அவர். அதுவரை தம்முடையது என்று நம்பிய மதத்தின் கதவு, படித்தவர்கள் நிறைந்த சபையில் சாத்தப்பட்டது. கோயில் இல்லை, குருபீடம் இல்லை; பழைய ஏடுகள் மட்டும் மிச்சம். அசுவகோசர் இயற்றியதாகச் சொல்லப்படும் ‘நாரதீய புராண சங்கைத் தெளிவு’ என்ற தமிழ்ச் சுவடி அவரைப் புத்தரிடம் திருப்பியது.

1898இல் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட்டின் உதவியோடு இலங்கை போய், கொழும்பில் சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். திரும்பி வந்து சென்னை ராயப்பேட்டையில் சாக்கைய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார்.

இந்த வாரம் முழுக்க 1898 என்ற அந்த ஆண்டுதான் மனதை விட்டு நகரவில்லை. உ.வே.சாமிநாதையர் மணிமேகலையை அச்சேற்றியது அதே 1898. புத்த சரித்திரத்தையும் பௌத்த தருமத்தையும் தமிழ் உரைநடையில் அவர் எழுதித் தந்ததும் அந்தப் பதிப்பையொட்டித்தான். மராத்தியில் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் எழுதிய புத்தர் வரலாறு வெளிவந்ததும் 1898. பின்னாளில் பள்ளிப் படிப்பில் தேறிய ஒரு சிறுவனுக்கு கேளுஸ்கர் அதைப் பரிசாகக் கொடுத்தார். அந்தச் சிறுவன் அம்பேத்கர். அதே ஆண்டு ஜனவரியில்தான் நேபாள எல்லையோரம் பிப்ராவாவில் பெப்பே என்ற ஆங்கிலேயர் ஒரு ஸ்தூபியைத் தோண்டி, புத்தரின் அஸ்தி எனக் கருதப்படும் எச்சங்கள் அடங்கிய பேழையைக் கண்டெடுத்தார். கும்பகோணம், பம்பாய், பிப்ராவா, ராயப்பேட்டை: ஒருவர் செய்ததை மற்றவரிடம் கேட்டுக்கொண்டு செய்யவில்லை. ஆயினும் நூற்றாண்டுக் கணக்கில் மண்ணிலும் ஓலையிலும் கிடந்த புத்தர், பன்னிரண்டே மாதங்களுக்குள் நான்கு திசையிலிருந்தும் எழுந்து வந்தார்.

பத்திரிகைக்கு வருவோம். 1907 ஜூன் 19, புதன்கிழமை, ‘ஒரு பைசாத் தமிழன்’ முதல் இதழ் வெளியானது. பெயரே விலையைச் சொல்லியது. நாலு பக்கம். மறு ஆண்டு பெயர் ‘தமிழன்’ என்று சுருங்கியது. வாசகர்கள் கேள்வி எழுதி அனுப்புவார்கள்; பண்டிகை ஏன், சாவுச் சடங்கு எப்படி, சாதி எங்கிருந்து வந்தது என்று எதையும் கேட்கலாம். பண்டிதர் ஆதாரம் காட்டிப் பதில் எழுதுவார். புத்தரின் வரலாற்றையும் அறத்தையும் ‘பூர்வத் தமிழொளி’ என்று தொடராக எழுதினார். அது 1912இல் ‘புத்தரது ஆதிவேதம்’ என்ற பெயரில் நூலானது. வடமொழி வேதம் ஓதத் தடுக்கப்பட்டவர்களுக்கு, தாய்மொழியிலேயே ஒரு வேதம், தொடர் கட்டுரையாக, வாராவாரம் கைக்கு வந்தது!

நூலின் சான்றுகள் மணிமேகலை, வீரசோழியம், குறள் என்று தமிழுக்குள்ளேயே இருந்தன. படித்தவர்கள் புது மதத்துக்கு மாறுவதாக நினைக்கவில்லை. பாட்டன் வீட்டுக்குத் திரும்புவதாக உணர்ந்தார்கள். தங்கவயலில் மாரிகுப்பம், சாம்பியன் ரீப்ஸ் பகுதிகளில் பௌத்த சங்கங்கள் எழுந்தன. பத்திரிகையைத் தாங்கிப் பிடித்தவர்களில் அந்தச் சுரங்கத் தொழிலாளர்கள் முன்வரிசை.

பண்டிதர் 1914 மே 5இல் மறைந்தார். 1926இல் தங்கவயல் ஜி.அப்பாதுரையார் ‘தமிழன்’ இதழை மீண்டும் எடுத்து நடத்தினார். திருப்பத்தூரில் ஏ.பி.பெரியசாமிப் புலவர் சங்கத்தை வளர்த்ததையும் இந்த வாரமே சொல்வதாக இருந்தது. 1898 இடத்தை எடுத்துக்கொண்டது. புலவர் நான்கு வரியில் அடங்குகிறவரும் அல்லர். அடுத்த இதழில் திருப்பத்தூரிலிருந்து தொடங்குவோம்.

(தொடரும்)