இன்ஜினை எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள்?

நெல்லை வந்தே பாரத்துக்கு இன்ஜினே கிடையாது! ஜங்ஷன் பிளாட்பாரத்தில் அந்தக் கூர்மூக்குக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுப்பவர்களில் பலர் அதைத்தான் இன்ஜின் என்று நினைக்கிறார்கள். மூக்குக்குப் பின்னால் இருப்பது லோகோ பைலட்டின் அறை. அதை ஒட்டி, கதவுக்கு இந்தப்பக்கம், பயணிகள் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

அப்படியானால் வண்டியை இழுப்பது எது? குனிந்து பாருங்கள், எல்லாம் தரைக்குக் கீழே! டிரான்ஸ்ஃபார்மர், கன்வெர்ட்டர், மோட்டார் எல்லாவற்றையும் பிரித்துப் பெட்டிகளின் அடிவயிற்றில் தொங்கவிட்டிருக்கிறார்கள். 16 பெட்டி ரயில் என்றால் 8 பெட்டிகளில் மோட்டார், பெட்டிக்கு 4, ஆக மொத்தம் 32. நெல்லையப்பர் ஆனித் தேரை ஊரே வடம்பிடித்து இழுக்குமே, அதே கணக்கு. ஒரே இன்ஜின் தலையில் மொத்த பாரமும் விழாமல் இத்தனை சக்கரங்கள் சேர்ந்து உந்துவதால்தான் நின்ற இடத்திலிருந்து அப்படிச் சீறிக் கிளம்புகிறது. பிரேக் போடும்போது இதே மோட்டார்கள் மின்சாரம் உண்டாக்கி, தலைக்கு மேலே ஓடும் 25,000 வோல்ட் கம்பிக்கே திருப்பிக் கொடுக்கின்றன.

இன்னொரு ரகசியம். 2023 செப்டம்பர் 24 அன்று இந்த ரயில் கிளம்பியபோது 8 பெட்டி, 530 இருக்கை. டிக்கெட் கிடைக்காமல் நாம் அலைந்த அலைச்சல் ஊருக்கே தெரியும். 2025 ஜனவரியில் 16 பெட்டி ஆனது, அதே ஆண்டு செப்டம்பரில் 20 ஆகி இருக்கைகள் 1,440 ஆயின. ஏன் 10 இல்லை, ஏன் 18 இல்லை? நான்கு நான்கு பெட்டியாகக் கோத்த கொத்துதான் இந்த ரயிலின் அடிப்படை. ஒவ்வொரு கொத்தும் தனக்கு வேண்டிய மின்சாரச் சாமான்களைத் தானே சுமக்கிறது. கூட்டம் கூடினால் கொத்துகளைக் கூட்டிக்கொள்ளலாம். இவ்வளவு அழகான யோசனை கண்ணுக்கே தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கிறதே என்பதுதான் என் ஆச்சரியம்.

இந்த யோசனை வண்டியானது நம் சென்னையில்தான்! பெரம்பூர் ஐ.சி.எஃப்., 1955 அக்டோபர் 2 அன்று நேரு திறந்துவைத்த ரயில் பெட்டித் தொழிற்சாலை. அங்கே ஷெல் பிரிவு, ஃபர்னிஷிங் பிரிவு என்று இரண்டு உலகங்கள் இருக்கின்றன. முதல் உலகத்தில் அடிச்சட்டம், பக்கச் சுவர், கூரை மூன்றும் தனித்தனியாகத் தயாராகி, ஜிக் என்ற பிரம்மாண்டமான தாங்குசட்டத்துக்குள் ஒன்றுசேர்ந்து வெல்டிங் பொறி பறக்கப் பெட்டியாகின்றன. ஒரு ஷெட்டிலிருந்து இன்னொரு ஷெட்டுக்குப் பெட்டி போக வேண்டுமென்றால் டிராவர்சர் வருகிறது. முழுப்பெட்டியையும் தன்மேல் ஏற்றிக்கொண்டு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகரும்! ஃபர்னிஷிங்கில் ஒயர், இருக்கை, கண்ணாடி, கழிப்பறை எல்லாம் ஏறிய பிறகு ஷவர் டெஸ்ட். நாலாபக்கமும் தண்ணீரைப் பீய்ச்சி, ஒரு சொட்டு உள்ளே கசிகிறதா என்று தேடுவார்கள்.

2018இல் சுதான்சு மணி பொது மேலாளராக இருந்தபோது, ஐ.சி.எஃப். குழு சுமார் 18 மாதத்தில் முதல் வந்தே பாரத் ரயிலைச் செய்து முடித்தது. அதுதான் டிரெயின் 18. சோதனை ஓட்டத்தில் மணிக்கு 180 கிலோமீட்டரைத் தொட்டது.

அடுத்தது படுக்கை வசதி. பெங்களூரு பி.இ.எம்.எல். செய்த ஸ்லீப்பர் ரயிலில் 16 பெட்டி, 823 படுக்கை. சோதனையில் 180 வேகத்தில் சிந்தாமல் நின்ற தண்ணீர் டம்ளரை வீடியோவில் எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. 2023 ஒப்பந்தங்களின்படி லாத்தூரில் ரஷ்யக் கூட்டுடன் ஒரு குழுமமும், டிட்டாகர்–பெல் கூட்டணியும் இன்னும் ஏராளமாகச் செய்யப்போகின்றன. ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறி விடியும்போது எழும்பூரில் இறங்கிப் பழகிய ஊருக்கு, உட்கார்ந்து போகும் ரயிலைவிடப் படுத்துப் போகும் ரயில்தான் அவசரம்.

வண்டி தயார், பாதைதான் பாக்கி. சென்னைக்குச் சுமார் 650 கிலோமீட்டரை 7 மணி 50 நிமிடத்தில் கடக்கும் அட்டவணை என்றால் சராசரி 83தான். 180 தொட்ட வண்டியை 83இல் ஓட்டுகிறோம்! இரட்டைப் பாதை வந்தாகிவிட்டது, இனி வளைவுகளையும் வேகக் கட்டுப்பாடுகளையும் கவனிக்க வேண்டும்.

எனக்குள்ள பெரிய ஆசை வேறு: நம் குட்டி வழித்தடங்களில் மெமு ஓட வேண்டும். சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று தாமிரபரணி வயல்களை ஒட்டிச் செங்கோட்டைக்குப் போகும் பாதையிலும், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி வழியே திருச்செந்தூர் போகும் பாதையிலும் மின்கம்பி வந்துவிட்டது. காலேஜ் பிள்ளைகளும் பூக்கூடைக்காரர்களும் ஏறும் இந்தக் குட்டி வழித்தடங்களுக்கு ஏற்ற மெமு ரயில்களையும் பெரம்பூரில்தானே செய்கிறார்கள்! அவற்றிலும் இன்ஜின் தனியாக இல்லை. திருச்செந்தூரில் இன்ஜினைக் கழற்றி, மறுமுனைக்குக் கொண்டுவந்து மாட்டுகிற வேலை மிச்சம். பைலட் பையை எடுத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நடந்து அந்தக் கடைசி அறைக்குப் போனால், வண்டி திரும்பிவிட்டது என்று அர்த்தம்!