தானுகந்த திருமேனியும் லீவன்ஸ் தீட்டிய ரெம்பிராண்டும்: உருவமைப்பின் மெய்ம்மை குறித்த ஓர் ஒப்பீடு

முன்னுரை

வாகனத் தொழிற்சாலைகளால் இன்று அறியப்படும் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வழித்தடத்தில், ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலில், இராமானுசரின் திருமேனி வழிபடப்படுகிறது. அவர் வாழ்ந்த காலத்திலேயே அவருடைய மரபினரால் அது அமைக்கப்பெற்றது என்பது வைணவர் கொள்கை. ஒருவரை அவர் துறையைச் சார்ந்தோரே உருவில் அமைக்கும்போது, அவ்வுருவின் மெய்ம்மைக்குச் சான்று யார் என்னும் வினா எழுகிறது. டச்சு ஓவியர் யான் லீவன்ஸ், சக ஓவியர் ரெம்பிராண்டைத் தீட்டிய உருவப்படத்தையும் இவ்வினா தொடுகிறது. அதற்கு விடை காண வைணவர் இட்ட பெயர்கள் துணைபுரிவதை இக்கட்டுரை விளக்குகிறது.

மூன்று திருமேனிகள்

இராமானுசருக்கு மூன்று திருமேனிகள் சிறப்பாகப் போற்றப்படுகின்றன. மேல்கோட்டையில் உள்ளது ‘தமர் உகந்த திருமேனி’; பிரிவாற்றாத அடியார்கள் விரும்பிப் பெற்றது. ஸ்ரீபெரும்புதூரில் உள்ளது ‘தான் உகந்த திருமேனி’. முதலியாண்டானின் மகன் கந்தாடையாண்டான் செய்வித்தது, இராமானுசரே தழுவி உகந்தது என்பர். திருவரங்கத்தில் உள்ளது ‘தானான திருமேனி’. உருவும் உருவுடையவரும் வேறல்லர் என்பது அதன் பொருள். இப்பெயர்கள் எவையும் வடித்த கையையோ உருவொப்புமையையோ சுட்டவில்லை. காண்போரின் உவப்பு, உருவுடையவரின் இசைவு, இரண்டறக் கலந்த ஒருமை ஆகிய மூன்று உறவுகளையே அவை சுட்டுகின்றன.

லைடன் நகரத்து இரு ஓவியர்

ரெம்பிராண்ட் 1606இலும் லீவன்ஸ் 1607இலும் லைடனில் பிறந்தவர்கள். இருவரும் ஆம்ஸ்டர்டாம் ஓவியர் பீட்டர் லாஸ்ட்மனிடம் பயின்றவர்கள். அவர்களை ஒருங்கே மதிப்பிட்ட கான்ஸ்டன்டைன் ஹைகன்ஸ், உணர்ச்சியின் உயிர்ப்பில் ரெம்பிராண்டையும் கற்பனையின் பெருமிதத்தில் லீவன்ஸையும் மேலாகக் கருதினார். 1629ஆம் ஆண்டளவில் லீவன்ஸ் தீட்டிய ரெம்பிராண்டின் உருவம், தோழமையும் போட்டியும் கலந்த இச்சூழலில் பிறந்தது.

ஏறத்தாழ அதே காலத்தில் ரெம்பிராண்ட் தம்மைத் தாமே தீட்டிய சிறு ஓவியம் ஒன்று ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் ஒளி கழுத்திலும் கன்னத்திலும் மட்டும் படிகிறது. கண்கள் நிழலில் மறைகின்றன. சுருள்முடியின் இழைகள், ஈரவண்ணத்தைத் தூரிகையின் பின்முனையால் கீறி உண்டாக்கப்பட்டவை. தம் முகத்தைத் தெளிவாகக் காட்டுவதினும் ஒளியை ஆராய்வதே அங்கு அவர் நோக்கம்.

வைணவரின் பெயரீட்டைக் கொண்டு நோக்கின், ரெம்பிராண்டின் தற்படமே ‘தான் உகந்த’ உருவம். லீவன்ஸின் படம் ‘தமர்’ கண்ட உருவம். ஓவியன் தன்னுள் தேடிய ஒன்றைத் தற்படமும், அவன் பிறருக்கு எவ்வாறு தோன்றினான் என்பதைத் தோழன் படமும் காட்டுகின்றன. இவற்றுள் ஒன்றை மெய்யென்றும் மற்றதைக் குறையென்றும் கொள்வதற்கு இடமில்லை.

முடிவுரை

உருவப்படத்தை ஒப்புமை என்னும் ஒற்றை அளவுகோலால் அளப்பது போதாது. யார் உகந்த உருவம் என்னும் வினாவும் உடன் எழுப்பப்பட வேண்டும். அவ்வினாவுக்குரிய கலைச்சொற்கள் தமிழ் வைணவ மரபில் முன்னரே அமைந்துள்ளன. அவற்றை வழிபாட்டுப் பெயர்களாக மட்டும் கொள்ளாது கலைத்திறனாய்வுக் கருவிகளாகவும் கையாள்வது தமிழாய்வுக்குப் பயன் தரும்.