சீப்பில் வருவது பழைய செய்தி

குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. குழந்தையின் சிரிப்புக்கும் அம்மாவின் கூந்தலுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. குழந்தை ஆள் அடையாளம் கண்டு சிரிப்பது இரண்டு, மூன்று மாதங்களில். பிரசவமான பெண்ணுக்கு முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வரத் தொடங்குவதும் ஏறக்குறைய அப்போதுதான். எந்தப் பரிசோதனைக் கூடமும் இல்லாமல் நம் பாட்டிமார் கண்டுவைத்த இந்த மூன்று மாத இடைவெளிதான், பெண்களின் முடி உதிர்வைப் புரிந்துகொள்ள முதல் சாவி.

தலையில் சுமார் 1 லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 2 முதல் 6 ஆண்டுகள் வரை வளரும். பிறகு சில வாரங்களில் வளர்ச்சி அடங்கி, மூன்று மாதம் போல ஓய்வில் கிடந்து, உதிர்ந்துவிடும். அந்த இடத்தில் புதியது முளைக்கும். முடிகள் தனித்தனிக் கணக்கில் ஓடுவதால் நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை கொட்டுவது இயல்பு. உடலுக்குப் பெரிய அதிர்ச்சி வரும்போதுதான் இந்தக் கணக்கு கலைகிறது. பிரசவம், டெங்கு, டைபாய்டு, அறுவைச் சிகிச்சை, பட்டினி கிடந்து எடை குறைப்பது, நெருங்கியவரின் சாவு என்று ஏதாவது ஒன்று நேர்ந்தால், வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் கணிசமான பகுதி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். மூன்று மாதம் கழித்து எல்லாம் சேர்ந்து உதிரும். 1961இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் இதற்கு டெலோஜன் எஃப்லூவியம் என்று பெயர் வைத்தார்.

ஆக, இன்றைக்குச் சீப்பில் வரும் முடி மூன்று மாதத்துக்கு முந்தைய செய்தி. நம் பெண்களோ போன வாரம் மாற்றிய ஷாம்பூவையும் புதிதாகப் போட்ட போர்வெல் தண்ணீரையும் குறை சொல்கிறார்கள். உப்புத்தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், நடுவில் ஒடியவும் வைக்கும், வேரோடு பிடுங்காது. கொட்டிய முடியை எடுத்துப் பார்த்தால் வேர்ப்பக்க முனையில் சின்ன வெள்ளைக் குமிழ் தெரிகிறதா? அது ஓய்வு முடிந்து தானாக விழுந்த முடி. காரணத்தைத் தண்ணீர்த் தொட்டியில் தேட வேண்டியதில்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை ஒட்டிய மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டத்தில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. தென்பெண்ணையில் சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து வந்தது. அந்த நாள்களில் தூக்கமில்லாமல், சரியான சாப்பாடில்லாமல், நனைந்துபோன நெல்லையும் மாட்டையும் பிள்ளைகளையும் கரைசேர்த்த ஒரு பெண்ணுக்குத் தையோ மாசியோ பிறந்ததும் முடி கொட்டத் தொடங்கியிருந்தால், அவர் அதைப் புயலோடு சேர்த்துப் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு. வெள்ளம் வடிந்து, நிவாரணத் தொகையும் வந்து, எல்லோரும் மறந்துபோன பிறகும் உடல் அதை மறப்பதில்லை. இத்தகைய உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதங்களில் தானாக நின்றுவிடும். பயந்துபோய்த் தலையை வழிக்க வேண்டிய தேவை இல்லை.

நிற்காமல் தொடர்ந்தால்? அப்போது சாப்பாட்டுத் தட்டையும் ரத்தத்தையும் பார்க்க வேண்டும்.

விழுப்புரம் பக்கம் ‘ரத்தம் கம்மி’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிக் கடந்துவிடுகிற விஷயம் உண்மையில் மிகப் பெரியது. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. பாதிக்கும் மேல்! கருவுறாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. இரும்பு குறையும்போது உடல் சிக்கனம் பிடிக்கும். உயிருக்கு அவசியமான வேலைகளுக்கு முதலில் கொடுக்கும். முடி இல்லாமலும் உயிர் வாழலாம் என்பது உடலுக்குத் தெரியும். அதனால் வெட்டு எளிதில் விழுவது அங்கேதான். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும், இரும்பின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு அடியில் கிடப்பதுண்டு. களஞ்சியம் காலியான பிறகுதான் அடுப்படிப் பானையில் அரிசி குறைவது தெரிகிறது என்பது போல.

இந்தக் குறைவுக்குச் சாப்பாடு ஒரு காரணம். மாதவிடாயில் அதிகமாகப் போகும் ரத்தம் இன்னொரு காரணம். இரண்டாவதைப் பற்றிப் பேசவே தயங்குகிறோம். ஏழு நாளுக்கு மேல் நீடிக்கிறது, கட்டி கட்டியாகப் படுகிறது, மணிக்கொரு தரம் துணி மாற்ற வேண்டியிருக்கிறது என்றால், ‘நமக்கெல்லாம் இப்படித்தான்’ என்று அம்மாவும் மகளும் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொள்வதை நிறுத்த வேண்டும். காரணம் கர்ப்பப்பைக் கட்டியாகவும் இருக்கலாம். அதைக் கவனிக்காமல் தலைக்கு எத்தனை எண்ணெய் தேய்த்தும் பயனில்லை.

தட்டுக்கு வருவோம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும். ஆணுக்கு 19 போதும். புரதம் சுமார் 46 கிராம் வேண்டும். முடி என்பதே பெரும்பாலும் கெரட்டின் என்கிற புரதம்தான். வெள்ளைச் சோறும், பருப்பு தேடினால் கிடைக்காத சாம்பாரும், ஒரு கரண்டிப் பொரியலும் இந்தக் கணக்கை எட்டாது. அதிலும் வீட்டில் எல்லோருக்கும் போட்டுவிட்டுச் சட்டியை வழித்துச் சாப்பிடுகிற பெண்ணுக்குக் குழம்பில் காய்கூட மிஞ்சாது. முட்டை பிள்ளைகளுக்கு, மீன் துண்டு கணவருக்கு, குழம்பின் மிச்சம் அந்தப் பெண்ணுக்கு. இந்தப் பழக்கம் மாறாமல் எந்த மாத்திரையும் முழுதாகப் பலன் தராது.

இத்தனைக்கும் விழுப்புரம் மாவட்டம் பஞ்ச பூமி அல்ல. திண்டிவனத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இந்தியா முழுக்க உழவர்கள் அறிந்த டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 நிலக்கடலை ரகங்களின் பெயரில் இருப்பது திண்டிவனம்தான். இங்குள்ளவர்கள் மல்லாட்டை என்று சொல்கிற அந்தக் கடலையில் 100 கிராமுக்குச் சுமார் 25 கிராம் புரதம் உண்டு. ஒரு கைப்பிடி வேகவைத்த மல்லாட்டை சாயங்கால டீக்கடைப் பஜ்ஜியைவிட எவ்வளவோ மேல். எள்ளும் அதே மண்ணின் பயிர்தான். கம்பில் 100 கிராமுக்கு 6 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கிறது. முருங்கைக் கீரையில் சுமார் நாலரை மில்லிகிராம். மரக்காணம் கரையில் நெத்திலி கிடைக்கிறது. விளைகிற ஊரில் விளைந்ததை விற்றுவிட்டு, அந்தக் காசில் பாக்கெட் பிஸ்கட் வாங்கித் தின்பதுதான் வருத்தம்.

தின்றால் மட்டும் போதாது, உடம்பில் ஒட்ட வேண்டும். கீரை, தானியத்தில் உள்ள இரும்பில் பத்தில் ஒரு பங்கைக்கூடக் குடல் பெரும்பாலும் எடுத்துக்கொள்வதில்லை. கூடவே எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா என்று வைட்டமின் சி சேர்ந்தால் இந்த அளவு நன்றாகக் கூடும். அதே சாப்பாட்டோடு டீ குடித்தால் பாதிக்கும் மேல் வீணாகிவிடும், காரணம் டீயில் உள்ள டானின். நாற்று நடவுக்கோ நூறு நாள் வேலைக்கோ போகும் பெண்கள் காலைப் பசிக்கு டீ, பதினோரு மணிக்கு டீ, சாப்பிட்ட கையோடு டீ என்று ஓட்டுவதை யாரும் பார்க்கலாம். டீயை விட வேண்டாம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னேயோ பின்னேயோ தள்ளினால் போதும். காசு செலவில்லாத மருத்துவம் இதைவிட வேறு இல்லை.

வயிற்றுக்கும் முடிக்கும் உள்ள தொடர்பு இங்கேதான் வருகிறது. இன்று ‘குடலைச் சுத்தம் செய்தால் முடி வளரும்’ என்று விற்கப்படும் பொடிகளுக்கு ஆதாரம் இல்லை. ஆனால் வேறு மூன்று விஷயங்களுக்கு நல்ல ஆதாரம் உண்டு. ஒன்று, கொக்கிப்புழு. வெறுங்காலோடு ஈரமண்ணில் நடக்கையில் தோல் வழியே புகுந்து, குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் வரும் குடற்புழு நீக்க நாளில் தரப்படும் அல்பெண்டசோல் மாத்திரை பிள்ளைகளுக்கு மட்டுமானது என்று பலர் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கும் தந்திருக்கிறார்கள். இரண்டாவது, ஹெலிகோபாக்டர் என்கிற இரைப்பைக் கிருமி. புண் உண்டாக்குவதோடு இரும்பு சேர்வதையும் கெடுக்கும். மூன்றாவது, நெஞ்செரிச்சலுக்கு மருந்துக் கடையில் தாமே வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் அமிலக் குறைப்பு மாத்திரை. இரும்பு கரைய இரைப்பையில் அமிலம் வேண்டும். அமிலத்தை நெடுநாள் அடக்கிவைத்தால் இரும்பும் பி12உம் குறைய இடமுண்டு. வயிறு அடிக்கடி கெட்டால் மருத்துவரிடம் காட்டுவதுதான் முறை.

இரும்பு மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறவர்கள் சொல்லும் காரணம் மலம் கறுப்பாகிறது, கட்டிப்போகிறது, குமட்டுகிறது என்பது. கறுப்பு நிறம் கெடுதல் இல்லை, சேராத இரும்பின் நிறம் அது. ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தால் குடல் இன்னும் நன்றாக ஏற்கிறது என்று 2017இல் ‘லான்செட் ஹீமட்டாலஜி’ இதழில் வந்த சுவிட்சர்லாந்து ஆய்வு காட்டியது. தாங்க முடியாதவர்கள் மருத்துவரிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம். பாலோடும் டீயோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துப் போடக் கூடாது. ஹீமோகுளோபின் அளவு ஏறியதும் நிறுத்திவிடவும் கூடாது. சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் ஆகும்.

மனக்கவலையால் முடி கொட்டுவது பற்றி மருத்துவ உலகம் வெகுநாள் தெளிவில்லாமல் இருந்தது. ‘கவலைப்படாதீங்கம்மா’ என்று சொல்லி அனுப்புவதோடு சரி. 2021இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் யா-சியே ஸூவின் குழு எலிகளில் செய்த ஆய்வு ‘நேச்சர்’ இதழில் வந்தது. மன அழுத்தத்தில் சுரக்கும் ஹார்மோன், முடிவேரின் மூல உயிரணுக்களை எழுப்பும் சமிக்ஞையைத் தடுத்துவிடுகிறது. முடி நெடுநாள் ஓய்விலேயே கிடக்கிறது. எலிக்கு நடப்பது அப்படியே மனிதருக்கும் நடக்கும் என்று சொல்லிவிட முடியாது என்றாலும், கவலையால் முடி கொட்டும் என்ற பேச்சு வெறும் பேச்சல்ல என்பதற்கு அது வலுவான சான்று.

மகளிர் குழுக் கடனின் வாரத் தவணை, விழுப்புரம் சந்திப்பில் விடியற்காலை ரயிலைப் பிடித்துச் சென்னைக்கு வேலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புவது, நடுவில் மாமியாரின் சர்க்கரை நோய், பிள்ளையின் பத்தாம் வகுப்பு. இப்படி வாழும் பெண்ணிடம் தியானம் செய்யச் சொல்வது நியாயமா? அவருக்கு முதலில் வேண்டியது ஏழு மணி நேரத் தூக்கம். அதை அவரால் தனியாக உண்டாக்கிக்கொள்ள முடியாது. இரவுப் பாத்திரத்தை வீட்டில் வேறொருவர் தேய்த்தால்தான் முடியும். முடி உதிர்வுக்கு இதுவும் சிகிச்சையே.

எல்லா உதிர்வும் சாப்பாட்டாலும் தூக்கத்தாலும் சரியாகிவிடாது. கொத்தாகக் கொட்டாமல், நடு வகிடு மட்டும் ஆண்டுக்காண்டு அகன்றுகொண்டே போனால் அது பரம்பரையும் ஹார்மோனும் சார்ந்த மெலிவு. மாதவிடாய் தள்ளிப்போவது, முகத்தில் முடி, முகப்பரு என்று சேர்ந்து வந்தால் சினைப்பை நீர்க்கட்டியைச் சந்தேகிக்க வேண்டும். எடை கூடி, குளிர் தாங்காமல், சோர்வாக இருந்தால் தைராய்டு. வட்டமாக வழித்தது போல் விழுந்தால் புழுவெட்டு. நெற்றியோரம் மட்டும் ஏறிப்போனால் இறுக்கிப் பின்னும் ஜடையே காரணமாக இருக்கலாம். பெண்களின் வகிடு மெலிவுக்கு மினாக்ஸிடில் என்ற பூச்சு மருந்தை அமெரிக்காவில் 1991இல் அனுமதித்தார்கள். அது முதலில் ரத்தக்கொதிப்பு மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி முளைத்ததால்தான் இந்தப் பயன் தெரிந்தது. மருத்துவர் சொல்லாமல், குறிப்பாகக் கருவுற்றவர்களும் பாலூட்டுபவர்களும், தொடக் கூடாது.

விளம்பரங்களில் வரும் பயோட்டின் மிட்டாய்க்குக் காசைக் கொட்டுமுன் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். சாதாரணமாகச் சாப்பிடுகிறவருக்குப் பயோட்டின் குறைவு அரிது. அதிக அளவில் எடுத்தால் தைராய்டு பரிசோதனையின் முடிவே தப்பாக வரக்கூடும். சத்து கூடினாலும் முடி கொட்டும். 2024 கடைசியில் மகாராஷ்டிரத்தின் புல்டாணா மாவட்டத்துக் கிராமங்களில் ஆண், பெண் என்று நூற்றுக்கணக்கானோருக்குச் சில நாள்களில் தலை வழுக்கையானது. ரேஷன் கோதுமையில் அளவுக்கு மீறி இருந்த செலினியமே காரணம் என்று, தேள்கடி சிகிச்சை ஆய்வுக்குப் பெயர்பெற்ற மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் கூறினார். அதே செலினியம் ‘கூந்தல் மாத்திரை’ டப்பாக்கள் சிலவற்றிலும் இருக்கிறது.

முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் போலத்தான் வளரும். இன்று உடம்பு சரியானாலும் வகிட்டோரம் புதுமுடி கண்ணில் பட மூன்று, நாலு மாதமாகும். தோளைத் தொட ஈராண்டுக்கு மேல் ஆகும். கரிசலாங்கண்ணி எண்ணெய் தேய்ப்பவர்கள் தேய்க்கட்டும், மனசுக்கும் தலைக்கும் இதம்தான். ஆனால் அதற்கு முன்பாக, முடி கொட்டத் தொடங்கிய நாளிலிருந்து மூன்று மாதம் பின்னால் எண்ணிப் பாருங்கள். பிறகு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. தேவைப்பட்டால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். போகும்போது மாதவிடாய்க் கணக்கையும், நீங்கள் போடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.