கள் விகுதிப் பூசல்கள்: காரைக்கால் எல்லையிலிருந்து ஒரு மொழிவழக்கு நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

'வாழ்த்துகள்', 'வாழ்த்துக்கள்' ஆகியவற்றுள் எது சரி, 'நாள்கள்', 'நாட்கள்' ஆகியவற்றுள் எது பிழை என்பன தமிழாசிரியர் ஓய்வறைகளிலும் திருமண அழைப்பிதழ் அச்சகங்களிலும் ஓயாமல் நடைபெறும் நகைச்சுவை வழக்காடல்கள். பிரெஞ்சு, ஆங்கிலம், தமிழ் ஆகிய மும்மொழித் தொடர்புடைய காரைக்கால் பகுதியைக் களமாகக் கொண்டு, இப்பூசலின் இலக்கண அடிப்படையை இக்கட்டுரை விளக்குகிறது. இரு தரப்பும் மரபிலக்கணத்தின் வெவ்வேறு விதிகளையே சான்றாகக் கொள்கின்றன என்பதும், இத்தகைய இடங்களுக்கென உறழ்ச்சி என்னும் கருத்தை மரபு முன்னரே வகுத்துள்ளது என்பதும் இதன் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: கள் விகுதி, வன்றொடர்க் குற்றியலுகரம், உறழ்ச்சி, வழுவமைதி, வழக்கு, காரைக்கால்.

முன்னுரை

சரியான மொழிவழக்கு எது என்னும் பூசல் எல்லா மொழிகளிலும் உண்டு. அது பெரும்பாலும் சினத்தில் தொடங்குவதில்லை, கிண்டலில் தொடங்குகிறது. கிண்டலுக்கு உள்ளான வடிவத்தை எழுதியவர் நாணுகிறார். நாளடைவில் அக்கிண்டலே விதியாகிறது. தமிழில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு கள் என்னும் பன்மை விகுதி. அது பன்மையையும் குறிக்கும். பனையிலும் தென்னையிலும் இறக்கும் பானத்தையும் குறிக்கும். 'வாழ்த்துக்கள்' என்று எழுதியவரிடம் "வாழ்த்தோடு கள்ளும் தருகிறீர்களோ?" என்று கேட்பதும், 'நாட்கள்' என்பதற்கு 'நாள்பட்ட கள்' என்று பொருள் சொல்வதும் தமிழாசிரியரிடையே வழிவழி வரும் நகையாடல்கள்.

இந்நகையாடலுக்குக் காரைக்காலில் ஒரு தனிச்சுவை உண்டு. தமிழ்நாட்டு மாவட்டங்கள் சூழ்ந்த, கிழக்கே கடலை எல்லையாகக் கொண்ட இப்பகுதி புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. காரைக்காலில் கள்ளுக்கடைகள் அரசு உரிமத்துடன் இயங்குகின்றன. எனவே, 'வாழ்த்துக்கள்' என்பது எல்லைக்கு அப்பால் சட்டத்துக்கும் இலக்கணத்துக்கும் புறம்பு, இப்பால் இலக்கணத்துக்கு மட்டுமே புறம்பு என்று வேடிக்கையாகக் கூறலாம். அது இலக்கணத்துக்கேனும் உண்மையில் புறம்புதானா என்பதே இக்கட்டுரையின் வினா.

மும்மொழியும் மூன்று அதிகாரங்களும்

1739இல் பிரெஞ்சியர் வசமான காரைக்கால், இடையிடையே ஆங்கிலேயர் கைக்கு மாறி, 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையிலும் 1962இல் சட்டப்படியும் இந்தியாவுடன் இணைந்தது. ஆட்சிமொழியாகப் பிரெஞ்சும், பின்னர் ஆங்கிலமும், மக்கள்மொழியாகத் தமிழும் இங்கு வழங்கின. இம்மூன்று மொழிகளும் 'சரி' என்பதை மூன்று வெவ்வேறு அதிகாரங்களிடம் ஒப்படைத்துள்ளன.

பிரெஞ்சு மொழிக்கு 1635இல் நிறுவப்பட்ட கழகம் ஒன்று உண்டு. அதன் அகராதி முதன்முதலில் 1694இல் வெளிவந்தது. எனினும், கழகம் 1932இல் இலக்கண நூலொன்றை வெளியிட்டபோது மொழியியலறிஞர் பெர்தினான் புருனோ அதன் குறைகளைத் தனிநூலாகவே எழுதி வெளியிட்டார். தீர்ப்பு வழங்கும் மன்றம் இருப்பதால் வழக்கு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இது சான்று. பிரெஞ்சுப் பன்மையிலும் ஒரு வேடிக்கை உண்டு. 'ஊ' ஒலியில் முடியும் ஒருவகைப் பெயர்கள் பன்மையில் பொதுவாக 'எஸ்' என்னும் எழுத்தைப் பெற, முட்டைக்கோசு, முழங்கால், ஆந்தை, பேன் முதலியவற்றைக் குறிக்கும் ஏழு பெயர்கள் மட்டும் 'எக்ஸ்' என்னும் எழுத்தைப் பெறும். பள்ளிப் பிள்ளைகள் காரணம் கேளாமல் அவ்வேழையும் ஒரு பாட்டைப்போல் மனப்பாடம் செய்வர்.

ஆங்கிலத்துக்கு அத்தகைய கழகம் இல்லை; வழக்குக் கையேடுகளே அவ்விடத்தை நிரப்பின. முன்னிடைச்சொல்லில் வாக்கியம் முடிதல் கூடாது என்னும் கருத்தை 17ஆம் நூற்றாண்டில் டிரைடன் முன்வைத்தார். 1762இல் இலக்கணம் எழுதிய இராபர்ட் லௌத் அவ்வழக்கைப் பேச்சுக்கு உரியது என்று குறிப்பிட்டபோது, அதைக் கூறிய தொடரையே முன்னிடைச்சொல்லில் முடித்தார். அது தவறுதலா, குறும்பா என்று இன்றும் வாதிடுவோர் உண்டு. 1864இல் என்றி ஆல்ஃபோர்டு அரசியின் ஆங்கிலம் பற்றி நூல் எழுத, சியார்ச்சு வாசிங்டன் மூன் என்பவர் அந்நூலின் ஆங்கிலத்திலேயே பிழைகளைப் பட்டியலிட்டு மறுப்பு நூல் எழுதினார். பன்மைப் பூசலும் அங்குண்டு. எண்காலி என்னும் கடலுயிரியின் பெயருக்கு இலத்தீன் முறையில் 'ஆக்டோபை' என்று சிலர் பன்மை கூறுவர். அது கிரேக்கச் சொல்லாதலின் 'ஆக்டோபொடீசு' என்பதே தகும் என்பர் வேறு சிலர். பொதுவழக்கோ 'ஆக்டோபசசு' என்று ஆங்கில விகுதியைச் சேர்த்து நிறைவடைகிறது. பூசல் முழுவதும் ஒரு வினாவில் அடங்கும்: சொல் எம்மரபின் விதிக்கு உட்பட்டது?

தமிழின் அதிகாரம் நூற்பாவில் உள்ளது. ஆனால் நூற்பா எழுதப்பட்ட காலத்தில் கள் விகுதியின் ஆட்சி இன்றைய அளவுக்கு விரியவில்லை. தொல்காப்பியம் அஃறிணைப் பெயரோடு கள் சேர்வதைக் குறிப்பிடினும், அது இன்றியமையாததாக இல்லை. வினைமுடிபே பால் உணர்த்தப் போதுமானதாக இருந்தது. உரைநடை வளர்ந்து, எல்லாப் பெயர்களோடும் கள் சேர்ந்தபோது, புணர்ச்சி விதிகளை அதற்குப் பொருத்தும் பணி பிற்காலத்தவரிடம் வந்தது. பூசலின் வேர் இங்குள்ளது.

வன்றொடரும் வலிமிகலும்

'வாழ்த்துகள்' என்னும் தரப்பின் வாதம் தெளிவானது: கள் என்பது விகுதி, வருமொழியன்று. நிலைமொழியும் வருமொழியும் சந்திக்குமிடத்துக்குரிய வலிமிகுதல் ஒரே சொல்லின் உள்ளே நிகழ வேண்டியதில்லை. எனவே எழுத்துகள், கருத்துகள், வாழ்த்துகள் என்பனவே முறை.

இவ்வாதம் வலுவுடையதாயினும் முழுமையானதன்று. விகுதியாதலால் ஒற்று மிகாது என்றால் பூக்கள், ஈக்கள், பசுக்கள், தெருக்கள், விழாக்கள் என்பவற்றிலும் மிகுதல் கூடாது. அவற்றை 'பூகள்', 'பசுகள்' என்று எழுதுவார் எவருமில்லை. 'பூக்கள்' என்பதைப் பூவிலிருந்து இறக்கிய கள் என்று எவரும் நகைப்பதுமில்லை. ஆகவே நகையாடல் ஒரு வடிவத்தைத் தேர்ந்து தாக்குகிறதேயன்றி, விதியைக் காட்டவில்லை.

மறுதரப்பின் வாதம் குற்றியலுகரத்தைப் பற்றியது. அல்வழிப் புணர்ச்சியில் வன்றொடர்க் குற்றியலுகரத்தின் முன் மட்டுமே வல்லினம் மிகும், ஏனைய தொடர்களின் முன் மிகாது என்பது நன்னூல் கருத்து. இதைக் கள் விகுதிக்குப் பொருத்தினால் ஆடுகள், வீடுகள் (நெடிற்றொடர்), நண்டுகள், பந்துகள் (மென்றொடர்), மார்புகள் (இடைத்தொடர்) என்பவற்றில் ஒற்று மிகாது. எழுத்துக்கள், கருத்துக்கள் (வன்றொடர்) என்பவற்றில் மிகும். பழைய உரைகளின் அச்சுப் பதிப்புகளில் 'எழுத்துக்கள்' என்னும் வடிவம் பரவலாகக் காணப்படுவதற்கு இதுவே விளக்கம். அவ்வாறு எழுதியோர் இலக்கணம் அறியாதவர் அல்லர். அறிந்த விதி ஒன்றை நேர்மையாகப் பின்பற்றியவர்கள்.

எனினும், இத்தரப்பும் முழு வெற்றி பெறவில்லை. மூக்குகள், வாக்குகள், தட்டுகள், சீப்புகள் என்பனவும் வன்றொடரே. அவற்றில் இன்று எவரும் ஒற்று மிகுத்து எழுதுவதில்லை. உறுப்புக்கள், குறிப்புக்கள் என முன்பு வழங்கிய வடிவங்களும் பின்வாங்கிவிட்டன. பெரும்பாலும் துகரத்தில் முடியும் வன்றொடர்ச் சொற்களிலேயே, அதாவது எழுத்து, கருத்து, வாழ்த்து, சொத்து, முத்து போன்றவற்றிலேயே, பூசல் இன்று நிலைகொண்டுள்ளது.

வாய்க்கால்களும் நாட்களும்

லகர ளகர ஈறுகளில் பூசல் வேறு வடிவம் கொள்கிறது. காரைக்கால் என்னும் ஊர்ப்பெயரே இதற்கு வாயில். அம்மையார் தம்மைப் பேய் என்று கூறிக்கொள்ளும் தொடரைப் புணர்ச்சி விதிப்படி எழுதினால் 'காரைக்காற்பேய்' ஆகும்; இன்றைய உரைநடை 'காரைக்கால் பேய்' என்று பிரித்தெழுதும். ஆனால் அரசலாற்று நீரைக் கொண்டுசெல்லும் கால்களை 'வாய்க்கால்கள்' என்றே எழுதுகிறோம். 'வாய்க்காற்கள்' என்று எழுதும் துணிவு எவருக்கும் இல்லை. ஒரே 'கால்', பேயின் முன் திரிகிறது. பன்மையின் முன் திரியவில்லை.

வழக்கைத் தொகுத்து நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. தனிக்குறிலை அடுத்த ல், ள் திரியும்: கற்கள், சொற்கள், பற்கள், முட்கள். நெடிலை அடுத்தோ பல எழுத்துகளின் இறுதியிலோ வரும் ல், ள் திரியா: கால்கள், தோள்கள், தாள்கள், விரல்கள், கப்பல்கள். அரிதாக 'நூற்கள்' தென்படினும் 'நூல்கள்' என்பதே நிலைபெற்ற வடிவம். இவ்வொழுங்கின்படி 'நாள்கள்', 'பொருள்கள்' என்பனவே எதிர்பார்க்கத்தக்கவை. ஆயினும் 'நாட்கள்', 'பொருட்கள்' பெருவழக்காக உள்ளன. 'ஆட்கள்' என்பதோ எதிர்ப்பே இன்றி ஏற்கப்பட்டுவிட்டது. 'நாட்கள்' எழுதும் மாணவரைத் திருத்தும் ஆசிரியரும் "நான்கு ஆட்கள் வந்தார்கள்" என்று எழுதத் தயங்குவதில்லை.

'நாள்பட்ட கள்' என்னும் நகைக்கு இலக்கணக் காரணம் இல்லாமலில்லை. ல், ள் ஆகியன வல்லினத்தின் முன் வேற்றுமைப் புணர்ச்சியில் ற், ட் எனத் திரியும். அல்வழியில் திரிந்தும் திரியாதும் வரும் என்பது நன்னூல். எனவே 'நாட்கள்' என்பதை வேற்றுமைத்தொகையாகப் பிரித்தால் கள்ளின் வாசம் வீசுகிறது. 'கட்குடி' என்பது அவ்வழியில் அமைந்த தொகையே. ஆனால் மக்கள் வழக்கில் கள் விற்குமிடம் 'கட்கடை' ஆகாமல் 'கள்ளுக்கடை' ஆகியிருக்கிறது. நகையாடலின் கருப்பொருளே விதியைத் தப்பிச்சென்று உகரத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டது.

உறழ்ச்சி என்னும் தீர்வு

மேற்கண்ட நூற்பாக் கருத்தில் கவனிக்க வேண்டியது, அல்வழியில் இரு வடிவங்களும் வரலாம் என்னும் இசைவு. இதை இலக்கணிகள் உறழ்ச்சி என்பர். இரண்டில் ஒன்றைப் பிழையாக்காமல், இரண்டும் மொழியில் உள்ளன என்று பதிவு செய்யும் முறை இது. இதனோடு, விதியிலிருந்து விலகினும் காரணம்பற்றி ஏற்கப்படுவதற்கு வழுவமைதி என்னும் பெயரும் உண்டு. பழையவை நீங்குதலும் புதியவை வந்து சேர்தலும் குற்றமாகா என்பதையும் நன்னூல் தன் சொல்லதிகாரத்தின் முடிவில் ஏற்கிறது. விதி, உறழ்ச்சி, வழுவமைதி என மும்முகம் கொண்ட மரபைச் சரி, பிழை என்னும் இருமுகமாகச் சுருக்கியது விடைத்தாள் திருத்தும் பழக்கமே எனலாம். காரைக்காலுக்கு வடக்கே தரங்கம்பாடியில் 1738இல் அச்சான வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணமும், செந்தமிழை அளவுகோலாக்கிப் பேச்சுத் தமிழைப் பழிக்காமல், அதற்கு உரிய விதிகளைத் தனியே கூறுவது இங்கு ஒப்புநோக்கத் தக்கது.

இது வெறும் ஓய்வறைச் செய்தியன்று. இதில் இரண்டு இழப்புகள் நேர்கின்றன. ஒன்று, மாணவரது. கருத்தைச் செம்மையாக எழுதிய மாணவர் ஒரு ககர மெய்க்காக மதிப்பெண் இழக்கும்போது, தமிழ் எழுதுவது இடர் நிறைந்தது என்னும் அச்சமே அவரிடம் எஞ்சுகிறது. மற்றொன்று, ஆய்வுலகினது. பழைய உரைகளை மறுபதிப்புச் செய்வோரும், கணினிப் பிழைதிருத்தி கொண்டு மின்பதிப்பு உருவாக்குவோரும் 'எழுத்துக்கள்' என்பதைச் சொல்லாமல் 'எழுத்துகள்' என்று மாற்றும்போது, கள் விகுதியின் வரலாற்றுக்கான சான்று அழிகிறது. பின்வரும் ஆய்வாளர் அம்மாற்றத்தை மூல ஆசிரியரின் வழக்காகவே கொள்வர்.

முடிவுரை

1. கள் விகுதிப் புணர்ச்சியில் ஒற்று மிகும், மிகாது என்னும் இரு தரப்புக்கும் மரபிலக்கணத்தில் இடமுண்டு. எதுவும் எல்லாச் சொற்களையும் தழுவவில்லை.

2. லகர ளகர ஈறுகளில் தனிக்குறிலை அடுத்துத் திரிதலும் ஏனைய இடங்களில் இயல்பாதலும் பொது ஒழுங்கு. நாட்கள், ஆட்கள், பொருட்கள் என்பன வழக்கு வலிமையால் நிற்கும் விலக்குகள்.

3. கள் என்னும் பானத்தைச் சுட்டும் நகையாடல் நினைவிற்கொள்ள உதவும், விதிக்குச் சான்றாகாது. பூக்களும் பசுக்களும் அதற்கு மறுப்பு.

4. மூலபாடப் பதிப்பில் இவ்வடிவங்களை உள்ளவாறே காத்தலும், மாற்றின் அதைப் பதிப்புரையில் கூறுதலும் கடமையாகும்.

இக்கட்டுரை தன் நடையில் ஒற்று மிகா வடிவங்களை ஆண்டுள்ளது. அது ஒருமைப்பாடு கருதிய தேர்வேயன்றித் தீர்ப்பன்று. ஓர் ஆசிரியர் எதைத் தேர்ந்தாலும் ஒரே நூலில் அதையே கடைப்பிடித்தல் போதுமானது. 'வாழ்த்துக்கள்' என்று எழுதி அனுப்பியவருக்கு நன்றி கூறுவதே முறை. அவர் அனுப்பியது வாழ்த்துதான் என்பதில் எவருக்கும் ஐயம் இருந்ததில்லை.