கறுப்புப் பூஞ்சை: நோய் தேடிப் பிடித்தது யாரை?

2021 மே மாதத்தில் 'கறுப்புப் பூஞ்சை' என்ற சொல் எல்லாச் செய்தித்தாள்களிலும் இடம்பெற்றது. மே 19 அன்று ராஜஸ்தான் அரசு அதைக் கொள்ளைநோயாக அறிவித்தது. அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அதை அறிவிக்குமாறு ஒன்றிய அரசு அடுத்த நாளே எல்லா மாநிலங்களையும் கேட்டுக்கொண்டது. தமிழ்நாடு தனது 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் அவ்வாறே செய்தது. ஜூலையில் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்ட கணக்கின்படி 45,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு, அவர்களில் 4,300க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தனர். கொரோனா உலகெங்கும் பரவிய நோய். அதன் பின்னால் வந்த இந்தப் பூஞ்சை மட்டும் இந்தியாவில் இத்தனை பெரிதாகப் பெருகியது ஏன் என்ற கேள்வி, பரபரப்பு அடங்கிய பின் கேட்கப்படாமலே போயிற்று.

முதலில் பெயரைச் சரிசெய்துகொள்ள வேண்டும். இந்நோயின் மருத்துவப் பெயர் மியூகார்மைகோசிஸ். இதை உண்டாக்கும் பூஞ்சைகள் கறுப்பு நிறமுடையவை அல்ல. அவை இரத்தக் குழாய்களின் சுவரைத் துளைத்து உட்புகுகின்றன. குழாயில் இரத்தம் உறைந்து அடைபடுகிறது. இரத்தம் கிடைக்காத தசையும் எலும்பும் இறந்து கறுக்கின்றன. கறுப்பு என்பது இறந்த சதையின் நிறம். மூக்கில் தொடங்கி, சைனஸ் அறைகள், மேல்தாடை, கண்குழி, மூளை என்று நோய் மேலேறுகிறது. பூஞ்சையின் வித்துகள் மண்ணிலும் மக்கும் இலையிலும் சாணத்திலும் கெட்டுப்போன ரொட்டியிலும் உள்ளன. நாம் எல்லோரும் நாள்தோறும் அவற்றைச் சுவாசிக்கிறோம். நலமான உடலின் வெள்ளணுக்கள் அவற்றை முளைக்க விடுவதில்லை. இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதுமில்லை. எனவே கேட்க வேண்டியது, வித்து எங்கிருந்து வந்தது என்பதல்ல. அது முளைக்கும் நிலைக்கு உடல் எப்படி வந்தது என்பதே.

வைரஸ் காய்ச்சலைத் தொடர்ந்து பூஞ்சை தாக்குவது புதிதன்று. நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் கடுமையான இன்புளுயன்சாவால் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை நுரையீரலில் பரவியிருந்ததை 2018இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. வைரஸ் சுவாசப்பாதையின் உட்சுவரைச் சிதைக்கிறது. தடுப்பாற்றலின் ஒழுங்கைக் குலைக்கிறது. அந்த இடைவெளியில் பூஞ்சை நுழைகிறது. ஐரோப்பாவில் ஆஸ்பர்ஜில்லஸ் முந்திக்கொண்ட இடத்தில், இந்தியாவில் மியூகார்மைகோசிஸ் முந்தியது. இரண்டு நிலைமைகள் அதற்கு வழிசெய்தன: கட்டுப்படாத சர்க்கரை, கட்டுப்பாடற்ற ஸ்டீராய்டு.

ஸ்டீராய்டு உயிர் காத்த மருந்து என்பதை மறுப்பதற்கில்லை. 2020இல் பிரிட்டனில் நடந்த 'ரெக்கவரி' ஆய்வு, நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன், அதிகபட்சம் 10 நாட்கள் என்ற அளவில், செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது என்று நிறுவியது. அதே ஆய்வு, ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அம்மருந்தால் பயனில்லை என்றும் சொன்னது. இரண்டாம் அலையில் இந்தப் பின்பாதி காற்றில் விடப்பட்டது. தனியார் மருத்துவமனைகளில் பெருமளவில் ஏற்றப்பட்டது. லேசான காய்ச்சலுக்கே மருந்துக்கடைகளில் மாத்திரை கைமாறியது. கைப்பேசியில் சுற்றிவந்த மருந்துச் சீட்டுகளைப் பார்த்து மக்கள் தாமே வாங்கி விழுங்கினர். படுக்கை கிடைக்காத நாட்களில் அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஸ்டீராய்டு தடுப்பாற்றலைத் தணிக்கிறது; கூடவே இரத்தச் சர்க்கரையையும் ஏற்றுகிறது. உயர்ந்த சர்க்கரை வெள்ளணுக்களை முடக்குகிறது. அமிலத்தன்மை கூடிய இரத்தத்தில் கட்டுண்டிருந்த இரும்பு விடுபட்டுப் பூஞ்சைக்கு உணவாகிறது. மருந்து கொடுத்தவர் தினமும் சர்க்கரையை அளந்திருந்தால், இந்தச் சங்கிலியைப் பலரிடத்தில் நடுவிலேயே அறுத்திருக்கலாம்.

2021 ஜூன் தொடக்கத்தில் ஒன்றிய அரசு வெளியிட்ட விவரப்படி, அதுவரை பதிவான 28,252 பேரில் 62.3 விழுக்காட்டினர் நீரிழிவு உள்ளவர்கள். இது தமக்கு நீரிழிவு உண்டென்று அறிந்தவர்களின் கணக்கு. மூக்கடைப்பும் முகவீக்கமுமாக மருத்துவமனைக்கு வந்த பிறகே சர்க்கரை இருப்பதைத் தெரிந்துகொண்டவர்களும் இருந்தனர். நீரிழிவு வசதி படைத்தவர்களின் நோய் என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் நீடிக்கிறது. அண்ணல் அம்பேத்கர் தம் இறுதி ஆண்டுகளில் நீரிழிவோடு போராடியவர் என்பதைக்கூட நாம் அடிக்கடி நினைப்பதில்லை. ரேஷன் அரிசியை மையமாகக் கொண்ட உணவு, இரவுப்பணி, சோதனைக்காக ஒரு நாள் கூலியை இழக்க முடியாத நிலை ஆகியவற்றுக்கிடையே சேரியில் நீரிழிவு கண்டறியப்படாமல் வளர்கிறது. வீடு தேடிச் சென்று சர்க்கரை அளவு பார்க்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தமிழ்நாட்டில் தொடங்கியது 2021 ஆகஸ்ட் 5இல். இரண்டாம் அலை ஓய்ந்த பிறகு.

இந்நோய் வசதியுள்ளவர்களையும் தாக்கியது. தனியார் மருத்துவமனையின் மிதமிஞ்சிய ஸ்டீராய்டு அவர்களுக்குத்தான் எளிதில் கிடைத்தது. சாதி தன் முழு பலத்தோடு குறுக்கிட்டது சிகிச்சையில். இறந்த சதையை அறுத்து நீக்குவதோடு, லைப்போசோமல் ஆம்போடெரிசின்-பி என்ற மருந்தைப் பல வாரங்கள் நரம்பில் ஏற்ற வேண்டும். எடையில் ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 300 மில்லிகிராம், அதாவது 50 மில்லிகிராம் குப்பிகள் ஆறு. குப்பி ஒன்று 5,000 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும், மூன்று வாரங்களுக்கு மருந்து மட்டும் 6,30,000 ரூபாய். அதன் பழைய வடிவம் மலிவானது. ஆனால் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. ஏற்கெனவே நீரிழிவால் சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அந்த மலிவுக்கு விலை வேறு. ஜூன் 12 அன்று ஜிஎஸ்டி மன்றம் இம்மருந்தின் மீதான 5 விழுக்காடு வரியை நீக்கியது. ஆறு இலட்சத்தில் அந்தச் சலுகை எவ்வளவு என்பதை வாசகரே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

நோயாளிகளில் கோவிட் வந்தவர் எத்தனை, நீரிழிவுள்ளவர் எத்தனை, எந்த மாநிலத்தில் எத்தனை என்று எண்ணிய அரசு, பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் எத்தனை பேர் என்பதை வெளியிடவில்லை. கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய் என்பதால் மாவட்டச் சுகாதார அலுவலகங்களுக்கு ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் தகவல் சென்றிருக்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பெயர்களை விடுத்து எண்ணிக்கையை மட்டும் கேட்கலாம்: பதிவானவர், அரசு மருத்துவமனையில் மருந்து பெற்றவர், இறந்தவர், கண்ணை இழந்தவர்.

கண்ணை இழந்தவர் என்பதைத் தனியே கேட்கக் காரணம் உண்டு. நோய் மூளைக்கு ஏறாமல் தடுக்க ஒரு கண்ணையோ மேல்தாடையையோ அகற்றி உயிர் பிழைத்தவர்கள் பலர். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் இடஒதுக்கீடும் பெரும்பாலான நலத்திட்டங்களும் 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் குறைபாடு உள்ளவர்களுக்கே உரியவை. மற்றொரு கண்ணில் பார்வை சரியாக இருந்தால், ஒரு கண்ணை முழுதும் இழந்தவருக்கு மதிப்பீட்டு வழிகாட்டி தருவது 30 விழுக்காடு. அமிலவீச்சால் முகம் சிதைந்தவர்களைச் சட்டம் சரியாகவே தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. நோயால் முகம் சிதைந்தவர்களுக்கு அதில் தனி இடமில்லை. செயற்கைத் தாடை பொருத்தாமல் உணவை மெல்ல முடியாத, கட்டட வேலைக்கோ தூய்மைப் பணிக்கோ திரும்ப அழைக்கப்படாத ஒருவர், சான்றிதழ் கணக்கில் இன்று மாற்றுத்திறனாளி ஆகாமலே போகலாம்.